காந்திமதிநாதன் அண்ணாச்சியின் ஒற்றைத் தும்மல்

எதிரே இருக்கும் எஸ்.டி.டி. பூத்துக்காரர் சாலையைத் தாண்டி வந்து என் மேஜை முன்னால் நின்றபோது, நான் ஒரு கிரயப் பத்திரத்தின் நான்கெல்லை விவரத்தைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். "தச்சநல்லூர்ல இருந்து போன் வந்துச்சுக்கா. காந்திமதி அண்ணாச்சி காலையில தவறிட்டாவளாம்" என்றார். வடக்கெல்லையை அடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். எல்லையைப் பாதியில் விட்டு எழுந்தால் திரும்பி உட்காரும்போது அடுத்தவன் நிலம் உள்ளே வந்துவிடும் என்பது அண்ணாச்சி சொன்னதுதான். அதனால் அவர் என்னைத் தவறாக நினைத்திருக்க மாட்டார்.

அவரைப் பற்றி ஏதாவது எழுதித் தரும்படி நம் பத்திர எழுத்தர்கள் நீங்கள் எல்லோரும் கேட்டீர்கள். அவருடைய நேர்மை, எளிமை, தொழில் சுத்தம் பற்றியெல்லாம் எழுத நீங்கள் பலர் இருக்கிறீர்கள். நான் அவருடைய மூக்கைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்க வேண்டாம். அவரை அறிந்த யாரும் அந்த மூக்கை அறியாமல் இருந்திருக்க முடியாது. ஆனால் அது செய்த ஒரு காரியம் உங்களுக்குத் தெரியாது.

நான் கடற்கரைக்காரி. கல்யாணமாகித் திருநெல்வேலிக்கு வந்து, டைப் கற்றிருந்த தைரியத்தில் வேலை தேடியபோது, சார்பதிவாளர் அலுவலக வாசலில் அண்ணாச்சியின் மேஜைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு ஸ்டூலும் பழைய தட்டச்சு இயந்திரமும் கிடைத்தன. அவர் சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். நம் எல்லோருடைய மேஜைகளும் அந்த வளாகத்து வேப்பமரத்தின் கீழேதான் இருந்தன. பங்குனி பிறந்து அது பூக்கத் தொடங்கினால் முத்திரைத்தாளின் மேல் பூ உதிரும். மற்றவர்கள் அதை ஊதிவிட்டு எழுதுவார்கள். அண்ணாச்சி தும்முவார்.

அது சாதாரணத் தும்மல் இல்லை. ஒற்றையாக வந்து நான் பார்த்ததே கிடையாது. வந்தால் சரவெடிதான். கண்ணில் நீர் கொட்டும், மூக்கு சிவந்துவிடும், கடைசியில் மூச்சு வாங்கும். பாளையங்கோட்டை டாக்டர் ஒருவர், "மரத்தோட பூந்தூள் உங்களுக்கு ஒத்துக்கல, அவ்வளவுதான்" என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். மாத்திரை தூக்கத்தைக் கொண்டுவந்தது. தூக்கக் கலக்கத்தில் ஒருநாள் சர்வே எண்ணை மாற்றிச் சொல்லி, நான் அடித்து, பிறகு கண்டுபிடித்துத் தாளைக் கிழித்துப் போட்டோம். அன்றோடு மாத்திரையை நிறுத்திவிட்டார்.

டாக்டர் சொன்னதை ஊரில் யாரும் நம்பவில்லை. புளியமரம், கருவேலமரம் என்று சொல்லியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பார்கள். வேம்பைக் குற்றம் சொல்ல யாருக்கு மனம் வரும்? அம்மை கண்ட வீட்டில் அந்த இலையைத்தான் செருகுகிறார்கள், அந்தக் காற்றுக்காகத்தான் கட்டிலைத் தூக்கி வெளியே போடுகிறார்கள். "வேம்பு ஒத்துக்கலைன்னா உமக்கு வேற என்னதான்வே ஒத்துக்கும்?" என்று பக்கத்து மேஜைக்காரர் கேட்டார். "அம்மனுக்கு ஏதோ குறை வச்சிருக்கீரு" என்று இன்னொருவர் முடிவே கட்டிவிட்டார். மதினி, அதாவது அண்ணாச்சியின் வீட்டம்மா, இதைக் கேட்டுப் பயந்துபோய் அம்மனுக்கு மாவிளக்கு போட்டார்கள். அம்மன் கோயிலில் பெரிய வேப்பமரம் நிற்கிறது. அண்ணாச்சி அங்கேயும் தும்மிவிட்டு வந்தார்.

இந்தத் தும்மல் வேறு தொழில் செய்பவருக்கு வந்திருந்தால் கைக்குட்டையோடு போயிருக்கும். நம் தொழில் அப்படியா? வீடு வாங்குகிறவர்கள், நிலம் விற்கிறவர்கள், நல்ல நேரம் பார்த்து, ராகுகாலம் தவிர்த்து, எதிரே வருகிறவர் முகம் பார்த்து வருகிறார்கள். பேனாவைத் திறக்கிற நேரத்தில் எழுதுகிறவரே தும்மினால்? எங்கள் கடற்கரையில் யாராவது தும்மினால் 'சேசு' என்று இயேசு பேரைச் சொல்வோம், அத்தோடு முடிந்தது. இங்கே அது பெரிய கணக்கு. ஒற்றைத் தும்மல் ஆகாது, இரட்டைத் தும்மல் நல்லது. முதல் தும்மலில் முகம் சுளித்தவர்கள் இரண்டாவது வந்ததும் ஆசுவாசப்படுவார்கள், மூன்றாவது வந்ததும் எழுந்துவிடுவார்கள். அடுத்த மேஜைகளுக்குப் போய்விடுவார்கள். பங்குனியிலும் சித்திரையிலும் அண்ணாச்சியின் மேஜை காற்று வாங்கும்.

மருந்து சொல்லாதவர் யாரும் இல்லை. அண்ணாச்சி எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார். ஆனால் ஒரு பூக்காலத்துக்கு ஒரு மருந்துதான். "ரெண்டையும் சேத்துத் தின்னு சரியாயிட்டுன்னு வையி, எது கேட்டுச்சுன்னு எப்படிம்மா தெரியும்?" என்பார். பத்திரத்தில் ஒரு வாசகத்துக்கு இரண்டு பொருள் வரக் கூடாது என்று நினைப்பவர் மருந்திலும் அப்படியே இருந்தார். கேட்காவிட்டால் அடுத்த வருடம்தான் அடுத்த மருந்து. மரம் வருடத்துக்கு ஒருமுறைதான் பூக்கிறது, அவர் என்ன செய்வார்.

முதல் வருடம் மதினியின் வேப்பம்பூ ரசம். எந்தப் பூ ஆகவில்லையோ அதையே வறுத்து ரசம் வைத்துக் கொடுத்தார்கள். அந்த வருடம் தும்மல் கூடியதே தவிரக் குறையவில்லை. "ரசம் நல்லா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார். அடுத்த வருடம் நொச்சித்தழை வேது. தினமும் காலையில் போர்வைக்குள் வெந்து, சிவந்த முகத்தோடு வருவார். மரத்தடிக்கு வந்து உட்கார்ந்த பிறகு எல்லாம் பழையபடிதான். அதற்கடுத்த வருடம் வெற்றிலையில் மிளகு. அந்த வருடம் தும்மலோடு விக்கலும் சேர்ந்துகொண்டது. நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார், விக்கிக்கொண்டே.

இது சிரிப்பாக இருந்ததெல்லாம் அவர் மகள் கோமதிக்கு மாப்பிள்ளை அமையும் வரைதான். ஒரே பிள்ளை. வண்ணார்பேட்டையில் கடை வைத்திருக்கும் குடும்பம், நல்ல இடம். தை மாதம் பேசி முடித்தார்கள். மாப்பிள்ளைக்கு வடக்கே வேலை, அவருக்கு விடுப்பு கிடைப்பது சித்திரையில்தான். சித்திரைக் கடைசியில் முகூர்த்தம் என்றார்கள். அண்ணாச்சியின் மூக்கைப் பற்றி அவர்களுக்கும் தெரிந்திருந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் பக்குவமாகத்தான் சொன்னாராம். "அதுக்குள்ள உங்களுக்குச் சரியாயிட்டுன்னா நீங்களே தாரை வாத்துக் கொடுங்க. இல்லைன்னா உங்க அண்ணன் இருக்காவல்லா, அவுக செய்யட்டும். மணவடையில தும்மல் வேண்டாம்."

கெட்டிமேளம் கொட்டுவதே கெட்ட சத்தம் எதுவும் காதில் விழாமல் இருக்கத்தான் என்பார்கள். அத்தனை மேளத்தையும் வைத்துக்கொண்டு ஒரு மனிதரின் மூக்குக்குப் பயப்படுவானேன் என்று நான் கேட்டேன். அண்ணாச்சி அடுத்த பத்திரத்தை எடுத்தார். ஆனால் அன்று மாலை வரை, சொல்லிக்கொண்டு வந்த வாசகத்தை நடுநடுவே மறந்தார். பெற்ற மகளின் கையைப் பிடித்து நீர் வார்த்துக் கொடுக்கும் அந்த ஒரு நிமிடத்துக்கு வெளியே நிற்க வேண்டும் என்பது அவருக்கு எவ்வளவு வலித்தது என்று அன்றுதான் பார்த்தேன்.

அந்த வருட மருந்து தேன். மணிமுத்தாறுப் பக்கத்திலிருந்து ஒரு பாகப்பிரிவினைக்காக வந்திருந்தவர் சொன்னது. "எந்தப் பூ ஆகலையோ, அந்தப் பூவுல ஈ எடுத்த தேனை முன்கூட்டியே தின்னு உடம்பைப் பழக்கணும் அண்ணாச்சி. பூத்த பிறகு தின்னு பிரயோசனமில்ல." அவரே வேப்பந்தோப்புப் பக்கம் எடுத்த தேனை ஒரு பாட்டிலில் கொண்டுவந்து கொடுத்தார். எனக்கும் ஒரு சொட்டு கிடைத்தது. இனிப்பு போன பிறகு நாக்கில் லேசான கசப்பு நின்றது. தை மாதத்திலிருந்தே விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு கரண்டி என்று அண்ணாச்சி சாப்பிட்டு வந்தார்.

பங்குனி வந்தது. மரம் பூத்தது. அண்ணாச்சி தும்மவில்லை. முதலில் யாரும் அதைப் பேசவில்லை, கண் பட்டுவிடும் என்று. பூ அவர் தோளில் விழுந்தது, கண்ணாடியில் விழுந்தது, ஒருநாள் டீயிலேயே விழுந்தது. எடுத்துப் போட்டுவிட்டுக் குடித்தார். தேன்தான் கேட்டதா, அந்த வருடம் காற்று வேறு பக்கம் அடித்ததா, எனக்குத் தெரியாது. நான் டாக்டர் இல்லை. பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன்: சித்திரை பாதி கடந்தும் அவருக்கு மூக்கு சிவக்கவில்லை, கண்ணில் நீர் வரவில்லை. போனவர்கள் ஒவ்வொருவராக மேஜைக்குத் திரும்பி வந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் ஒருநாள் வந்து, மரத்தடியில் வெகுநேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "அப்போ நீங்களே தாரை வாத்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று அண்ணாச்சி எல்லா மேஜைக்கும் வடை வாங்கிக் கொடுத்தார். உங்களில் சிலர் அதைச் சாப்பிட்டிருப்பீர்கள்.

கல்யாணத்துக்குச் சில நாட்கள் இருக்கும்போதுதான் உலகம்மாள் வந்தாள். தானாக வரவில்லை, அண்ணன்கள் இரண்டு பேர் அழைத்து வந்தார்கள். அவர்களுடைய அப்பா தன் சம்பாத்தியத்தில் கோடகன் கால்வாய்ப் பாசனத்தில் நல்ல நஞ்சை வாங்கிப் போட்டுவிட்டு, உயில் எழுதாமல் இறந்துபோயிருந்தார். மகளுக்கும் சம பங்கு உண்டு. அந்தப் பங்கை அண்ணன்களுக்கே விட்டுக்கொடுப்பதாக ஒரு விடுதலைப் பத்திரம் எழுத வேண்டும். உலகம்மாளுக்குப் புருஷன் இல்லை. இரண்டு பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள். மூத்த அண்ணனுக்கு வீடு கோமதியின் மாப்பிள்ளை வீட்டாரின் தெருவிலேயே. அது அண்ணாச்சிக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அண்ணாச்சிக்குத் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு, நீங்கள் எல்லோரும் அறிந்ததுதான். "எழுதச் சொன்னதை எழுதணும். நம்ம அபிப்பிராயத்தை யாரும் கேக்கல" என்பார். எத்தனையோ அநியாயமான பத்திரங்களை மறுபேச்சில்லாமல் சொல்லி முடித்திருக்கிறார். அன்றும் சொன்னார், நான் அடித்தேன். ஆனால் நடுவில் ஒருமுறை நிறுத்தி, "எம்மா, பிள்ளைக என்ன படிக்குது?" என்று உலகம்மாளிடம் கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் மூத்த அண்ணன், "அதெல்லாம் நாங்க பாத்துக்கிடுவோம், நீரு எழுதும்வே" என்றார். உலகம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முடியாது என்று சொன்னால் பிறந்த வீட்டு வாசல் அன்றோடு மூடிவிடும். சரி என்றால் பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை. கையில் பேனாவை அண்ணன் திறந்தே கொடுத்திருந்தார்.

கையெழுத்துக்கு முன் பத்திரத்தைப் படித்துக் காட்டுவது அண்ணாச்சியின் வழக்கம். ஒவ்வொரு சொல்லாகப் பையப் படித்தார். "இனிமேல் மேற்படி சொத்தில் எனக்கும் என் வாரிசுகளுக்கும் யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் கிடையாது" என்ற இடத்தில் அவள் அண்ணன் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "இதை எவருடைய தூண்டுதலும் நிர்ப்பந்தமும் இல்லாமல் என் மனப்பூர்வமாக" என்று வந்ததும் அண்ணாச்சி தாளிலிருந்து தலையை நிமிர்த்தினார். அவளையே பார்த்தார். அவள் பேனாவைத் தாளுக்குக் கொண்டுபோனாள்.

அண்ணாச்சி தும்மினார். ஒரே ஒரு தும்மல். மரத்தடி முழுக்கக் கேட்டது.

எல்லோரும் அடுத்த தும்மலுக்காகக் காத்திருந்தார்கள். மூத்த அண்ணன் அவர் மூக்கையே பார்த்தார். இரண்டாவது வரவில்லை. அண்ணாச்சி கைக்குட்டையைக்கூட எடுக்கவில்லை.

உலகம்மாள் பேனாவைக் கீழே வைத்தாள். "நான் மாட்டேன்னு சொல்லல அண்ணே. சகுனம் சரியில்ல. இன்னொரு நாளைக்குப் பாப்போம்" என்று சொல்லிவிட்டு எழுந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். தங்கையைத் திட்ட அண்ணன்களுக்கு வழியில்லை, சகுனம் பார்க்கிற வீட்டில் பிறந்தவர்கள்தானே அவர்களும். அண்ணாச்சியைத் திட்டினார்கள். "என்னவே, சரியாப்போச்சுன்னு ஊரெல்லாம் வடை வாங்கிக் கொடுத்தீரு? மூக்கை வீட்டுல கழத்தி வச்சுட்டு வரப்படாதா?" அண்ணாச்சி, "பூக்காலம் பாருங்க" என்று மட்டும் சொன்னார். கையெழுத்தாகாத பத்திரத்தை நான் எடுத்து வைத்தேன்.

அவளுடைய இன்னொரு நாள் வரவே இல்லை. ஆடி என்றாள், மார்கழி என்றாள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாள். காலம் கிடைத்ததும் தைரியமும் கொஞ்சம் கிடைத்தது. பிறகு பாகப்பிரிவினையாகவே எழுதி அவள் பங்கு அவளுக்கு வந்தது. எழுதியது வேறொரு மேஜையில்.

அண்ணாச்சிக்கு வந்தது வேறு. தும்மல் செய்தி அன்று மாலையே வண்ணார்பேட்டைக்குப் போய்விட்டது. மறுநாள் மாப்பிள்ளையின் தகப்பனார் ஆள் அனுப்பினார். கல்யாணத்தன்று தாரை வார்த்துக் கொடுத்தது அண்ணாச்சியின் தமையனார். அண்ணாச்சி மண்டபத்துக்குப் பின்னால் சமையல்கட்டை ஒட்டி ஒரு நாற்காலியில் பட்டு வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தாளிப்புப் புகை எங்கள் பக்கமாகத்தான் வந்தது. வற்றல் மிளகாய்க் காந்தலில் சமையல்காரர்களே இருமினார்கள், நானும் தும்மினேன். அவர் தும்மவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கெட்டிமேளம் கேட்டதும் எழுந்து நின்று, முடியும் வரை கைகூப்பி நின்றார். உட்கார்ந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது பூந்தூளால் வந்த நீர் இல்லை.

"அன்னைக்கு நெசமாவே தும்மல் வந்துச்சா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "வாயத் தொறந்து சொல்ல எனக்குப் பாத்தியதை கிடையாதும்மா. மூக்குக்கு அந்தச் சட்டம் இல்லேல்லா" என்றார். உடனே, "கோமதிக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா மாமனாரோட சண்டைக்கு நிப்பா. நான் இருக்க மட்டும் சொல்லாத" என்றார். எதற்கும் ஒரு வரையறை வைத்துத்தான் அவருக்குப் பேச வரும்.

தச்சநல்லூர் வீட்டில் அவரைக் கிடத்தியிருந்தபோது உலகம்மாள் வந்திருந்தாள், இரண்டு பிள்ளைகளோடும். பெரியவள் டீச்சர் பயிற்சியில் சேர்ந்திருக்கிறாளாம். உலகம்மாள் பிள்ளைகளிடம் அவர் காலைத் தொட்டுக் கும்பிடச் சொன்னாள். என் கையை மட்டும் ஒருமுறை பிடித்துவிட்டுப் போனாள். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று நான் கேட்கவில்லை.

கோமதி கடைசி ரயிலைப் பிடித்து வந்து சேர்ந்திருந்தாள். எல்லாம் முடிந்து, கூட்டம் கலைந்த பிறகு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னாள்: "அத்தை, எனக்கு ஒரே ஒரு குறைதான். அப்பா கையால தாரை வாத்து வாங்கிக்கல. அந்த ஒரு வருசம் மட்டும் அவுகளுக்கு அந்தத் தேன் கேட்டிருக்கக் கூடாதா?"

அவர் இருக்க மட்டும் என்றுதான் சொல்லியிருந்தார். "கேட்டுச்சு கோமதி. நல்லாவே கேட்டுச்சு" என்றேன். பிறகு உலகம்மாள் பத்திரத்திலிருந்து சமையல்கட்டு நாற்காலி வரை எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், "அப்போ அப்பா வேணும்னுதான் வெளிய உக்காந்தாவளா?" என்றாள். ஆமாம் என்றேன். அதுவரை அடக்கி வைத்திருந்தவள் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன். அவள் இதை எல்லோரும் அறியட்டும் என்றதால்தான் இங்கே எழுதுகிறேன்.

அவர் கண் பார்வை மங்கி வீட்டோடு இருந்துவிட்ட பிறகு அந்த மேஜைக்கு நான் வந்தேன், உரிமமும் வாங்கினேன். நானும் என் அபிப்பிராயத்தைச் சொல்வதில்லை. எனக்கு நினைத்தபோது தும்மவும் வராது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒன்றுதான். தங்கைகளும் விதவைகளும் கையெழுத்துப் போடும் பத்திரங்களை நான் பையப் படிக்கிறேன். 'எவருடைய நிர்ப்பந்தமும் இல்லாமல்' என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டு, தலையை நிமிர்த்தி, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறேன். ஒரு தும்மல் வந்து போகிற நேரம். பெரும்பாலும் ஒன்றும் நடப்பதில்லை, கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். போன வாரம் ஒருத்தி பேனாவை மூடிக் கீழே வைத்தாள்.